டெஸ்க்டாப் சப்போர்ட்டிலிருந்து சர்வர், நெட்வொர்க் நிர்வாகத்துக்கு: எதை முதலில் கற்பது?

கொங்குத்தம்பி

எல்லோருக்கும் வணக்கம். டிப்ளமோ கம்ப்யூட்டர் முடித்துவிட்டுக் கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் டெஸ்க்டாப் சப்போர்ட்டில் இருக்கிறேன். பிரிண்டர், அவுட்லுக், பாஸ்வேர்டு ரீசெட், புது லேப்டாப்பில் விண்டோஸ் ஏற்றிக் கொடுப்பது, இதுதான் அன்றாட வேலை. சர்வர் ரூமுக்குள் போகலாம், பார்க்கலாம், எதையும் தொடக்கூடாது. எனக்கோ அந்த ரூமுக்குள் வேலை செய்யத்தான் ஆசை.

இங்கே ஒரு பயிற்சி மையத்தில் சிசிஎன்ஏ (சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ்), விண்டோஸ் சர்வர், லினக்ஸ், கிளவுட் நான்கையும் ஒரே பேக்கேஜாகச் சொல்லித் தருகிறார்கள். கட்டணம் என் மூன்று மாதச் சம்பளம். கட்டலாமா? வீட்டில் 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி உள்ள பழைய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா? எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டது, இனி சர்வர் படிப்பது வீண் என்று கூட வேலை செய்பவர் சொல்கிறார். அதுவும் குழப்புகிறது.

எந்த வரிசையில் போவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை

பணத்தை இப்போது கட்டாதீர்கள். அந்த டெஸ்க்டாப் போதும், நன்றாகவே போதும்.

பயாஸில் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்துவிட்டு, ஒரே மெஷினுக்குள் பல மெய்நிகர் மெஷின்களை (விஎம்) ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் போடுங்கள். டெபியன் லினக்ஸ் மேல் ஓடுவது, இலவசம். முன்பெல்லாம் வீட்டு லேப் என்றால் விஎம்வேர் என்றுதான் சொல்வோம். 2023 நவம்பரில் பிராட்காம் அதை வாங்கி, ஒருமுறை வாங்கினால் போதும் என்றிருந்த லைசென்ஸை நிறுத்திய பிறகு பல நிறுவனங்களே மாற்று தேடிப் போகின்றன. அதனால் பிராக்ஸ்மாக்ஸில் கற்பது வேலைக்கும் உதவும்.

16 ஜிபியை இப்படிப் பிரிக்கலாம்: ஃபயர்வாலாக ஓபிஎன்சென்ஸ் 2 ஜிபி, டொமைன் கன்ட்ரோலர் (ஆபீஸின் யூசர் கணக்குகளை வைத்திருந்து லாகினைச் சரிபார்க்கும் விண்டோஸ் சர்வர்) இரண்டு, ஆளுக்கு 2 ஜிபி, ஒரு விண்டோஸ் கிளையன்ட் 4 ஜிபி, ஒரு லினக்ஸ் சர்வர் 1 ஜிபி. மீதி பிராக்ஸ்மாக்ஸுக்கு. டொமைன் கன்ட்ரோலரை டெஸ்க்டாப் திரை இல்லாத கோர் முறையில் நிறுவினால் 2 ஜிபியில் ஓடும். விண்டோஸ் சர்வரின் சோதனைப் பதிப்பை 180 நாள் வரை காசில்லாமல் பயன்படுத்தலாம். அது முடியும்போது எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டுங்கள். இரண்டாவது தடவை கட்டும்போதுதான் கை பழகும்.

நெல்லைக்காரன்

தம்பி, மலைக்கோட்டை சொன்ன விஎம்களைத் தனித்தனிப் பாடமாப் பார்க்காதீங்க. நாற்பது பேர் வேலை செய்யுற ஒரு சின்ன ஆபீஸை முழுசாக் கட்டுறோம்னு நினைச்சுக்குங்க. நான் வேலைக்கு ஆள் எடுக்கும்போது பார்க்கிறது ஒண்ணுதான். ஒரு யூசர் காலையில் பாஸ்வேர்டு அடிச்சதுலேருந்து அவரோட ஃபைல் திறக்குற வரைக்கும் நடுவில் என்னென்ன நடக்குதுன்னு இந்த ஆளால சொல்ல முடியுமா? சொல்ல முடிஞ்சா, எங்கே அறுந்தாலும் கண்டுபிடிப்பார்.

முதல் வேலை பேப்பரில். ஐபி பிளான் போடுங்க. ஆபீஸுக்கு 192.168.1.0 வைக்காதீங்க. வீட்டு ரவுட்டர்களில் நிறைய அதோடதான் வரும். நாளைக்கு வீட்டிலிருந்து விபிஎன் போடுறவருக்கு ஆபீஸ் ஃபைல் சர்வரும் வீட்டுப் பிரிண்டரும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கிற மாதிரி தெரியும். பேக்கெட் விபிஎன்னுக்குள்ள போகாம வீட்டுக்குள்ளேயே தேடிட்டு நிக்கும். 10-இல் தொடங்குற வரிசையில் நடுவில் எங்கேயாவது எடுங்க. 10.40.10.0 ஸ்டாஃப், 10.40.20.0 சர்வர், 10.40.30.0 சிசிடிவி, 10.40.40.0 விருந்தினர் வைஃபை. ஒவ்வொண்ணும் /24, அதாவது 254 மெஷின் வரைக்கும் இடம். விலான் (ஒரே ஸ்விட்சில் தனித்தனியாப் பிரிச்ச நெட்வொர்க்) எண்ணையும் 10, 20, 30, 40-ன்னே வச்சுட்டா ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் வந்தாலும் எந்த ஐபி எந்த விலான்னு யோசிக்க வேண்டாம்.

அடுத்தது டிஎன்எஸ், பேரைக் கேட்டா ஐபி முகவரி சொல்ற சேவை. ஆக்டிவ் டைரக்டரி (டொமைன் கன்ட்ரோலரில் இருக்கிற யூசர், மெஷின் பட்டியல்) கத்துக்கிறதுக்கு முன்னாடி டிஎன்எஸ் கத்துக்குங்க. டொமைனில் இருக்கிற கிளையன்ட், "என் டொமைன் கன்ட்ரோலர் யாரு?"ன்னு டிஎன்எஸ்கிட்டதான் கேக்கும். அதுக்கான எஸ்ஆர்வி ரெக்கார்டு (எந்தச் சேவை எந்த சர்வரில்னு சொல்ற பதிவு) உங்க டொமைன் கன்ட்ரோலரோட டிஎன்எஸ்ஸில் மட்டும்தான் இருக்கு. நான் போய்ப் பார்த்த ஆபீஸ்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுறது, ரெண்டாவது டிஎன்எஸ்ஸா கூகுளோட 8.8.8.8 குடுத்திருப்பாங்க. "முதல்ல இருக்கிறதுக்குத் தெரியலன்னா ரெண்டாவதைக் கேக்கும்"னு நினைப்பு. அப்படி இல்லை. முதல் சர்வர் பதிலே சொல்லாதபோதுதான் கிளையன்ட் ரெண்டாவதுக்குப் போகும். போனதும் கூகுள்கிட்ட உங்க ஆபீஸ் டொமைனைக் கேக்கும். "அப்படி ஒண்ணு இல்லை"ன்னு அது சொல்லும். கிளையன்ட் அதையே முடிவான பதிலா எடுத்துக்கும். அப்புறம் லாகின் இழுக்கும், குரூப் பாலிசி (எல்லா மெஷினுக்கும் ஒரே இடத்திலிருந்து போற அமைப்பு விதிகள்) வராது, மேப் பண்ணின டிரைவ் காணாமப் போகும். எல்லாரும் சர்வர் ஸ்லோன்னு சொல்லுவாங்க. கிளையன்ட்டில் டொமைன் கன்ட்ரோலர் ரெண்டோட முகவரி மட்டும் இருக்கணும். வெளியுலகத்தைக் கேக்குறது அந்த டொமைன் கன்ட்ரோலர்களோட வேலை, அதுக்கு ஃபார்வர்டர் போட்டுடுங்க.

டொமைன் பேருக்குக் கடைசியில் டாட் லோக்கல் வைக்காதீங்க. பழைய கையேடுகளில் இருக்கும். ஆப்பிள் மெஷின், பல பிரிண்டர் எல்லாம் அந்தப் பின்னொட்டை வேற வேலைக்குப் பயன்படுத்துது. சொந்தமா வாங்கின டொமைனுக்குக் கீழே ஒரு துணைப் பேர் வச்சுக்குறது நல்லது.

கடிகாரம். யாரும் சொல்லித் தர மாட்டாங்க, அதனால சொல்றேன். ஆக்டிவ் டைரக்டரியில் லாகின் நடக்கிறது கெர்பரோஸ்ங்கிற டிக்கெட் முறை மூலமா. கிளையன்ட் நேரமும் சர்வர் நேரமும் 5 நிமிஷத்துக்கு மேல விலகினா டிக்கெட் கிடைக்காது. இது இயல்பான அமைப்பு. டொமைனுக்கே நேரம் சொல்றது பிடிசி எமுலேட்டர் பொறுப்பில் இருக்கிற டொமைன் கன்ட்ரோலர். அதை மட்டும் வெளியே ஒரு என்டிபி சர்வரோட (நேரம் சொல்ற சர்வர்) கட்டுங்க, மத்ததெல்லாம் அதைப் பார்த்துத் தானா சரிபண்ணிக்கும். நம்ம நாட்டில் இதுக்குச் சட்டக் கட்டாயமும் இருக்கு. 2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) விட்ட உத்தரவில் என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வரோட ஒத்துப் போகணும், லாக்கை 180 நாள் வச்சிருக்கணும், தாக்குதல் தெரிஞ்சா 6 மணி நேரத்துக்குள்ள அறிவிக்கணும்னு இருக்கு. இன்டர்வியூவில் இதைச் சொன்னா மதிப்பு கூடும்.

கயல்_நெட்

நெல்லை அண்ணன் சொன்னது சர்வர் பக்கம். நான் நெட்வொர்க்கில் இருப்பவள், கேபிளிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

கிரிம்பிங் டூல், கொஞ்சம் கேட் 6 கேபிள், ஆர்ஜே-45 கனெக்டர், ஒரு கேபிள் டெஸ்டர் வாங்குங்கள். சென்னைப் பக்கம் வந்தால் ரிச்சி தெருவில் எல்லாம் கிடைக்கும், கோவையிலும் கிடைக்காமல் போகாது. முனையில் கம்பிகளை அடுக்கும் 568பி வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பச்சை ஜோடி நடுவில் பிரிந்து நீல ஜோடிக்கு இடம் விடுவதைக் கவனியுங்கள். நிறங்களை ஜோடி ஜோடியாக வரிசையாக அடித்தாலும் இரண்டு முனையும் ஒன்றாக இருந்தால் டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும், ஆனால் 3-ஆம், 6-ஆம் கம்பிகள் ஒரே முறுக்கில் இல்லாததால் வேகம் வராது, எர்ரர் ஏறும். விளக்கு எரிந்துவிட்டது என்று நம்பிச் சுவருக்குள் புதைத்துவிட்டுப் பிறகு மாதக்கணக்கில் ஸ்விட்சைக் குறை சொல்வதைப் பார்த்திருக்கிறேன். ஸ்விட்சிலிருந்து மெஷின் வரை, பேட்ச் கார்டு சேர்த்து 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

பிறகு சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர், கணினியிலேயே நெட்வொர்க் கட்டிப் பார்க்கும் மென்பொருள். நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்கு தொடங்கினால் இலவசம். இரண்டு ஸ்விட்ச், ஒரு ரவுட்டர், மூன்று விலான் போட்டு ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஸ்டாஃப் விலானில் இருக்கும் மெஷின், சர்வர் விலானில் இருக்கும் டிஎச்சிபி சர்வரிடம் எப்படி ஐபி வாங்குகிறது?

இதற்குப் பதில் தெரிந்தால் பாதி நெட்வொர்க் தெரிந்த மாதிரி. ஐபி இல்லாத மெஷின் "யாராவது முகவரி தாருங்கள்" என்று பிராட்காஸ்ட்டாகக் கூவுகிறது. பிராட்காஸ்ட் தன் விலானைத் தாண்டாது. அப்படியானால் சர்வருக்கு எப்படிக் கேட்கிறது? அந்த விலானின் கேட்வேயில் ரிலே வைத்திருப்போம், சிஸ்கோவில் ஹெல்பர் அட்ரஸ் என்பார்கள். கேட்வே அந்தக் கூவலை வாங்கி, அதற்குள் தன்னுடைய முகவரியை, அதாவது 10.40.10.1 என்று எழுதி, நேரே டிஎச்சிபி சர்வருக்கு அனுப்புகிறது. எழுதப்பட்ட அந்த முகவரியைப் பார்த்துத்தான் "இது 10 விலானிலிருந்து வந்தது" என்று சர்வர் புரிந்துகொண்டு சரியான ஸ்கோப்பிலிருந்து (அந்த விலானுக்கான முகவரித் தொகுப்பு) ஐபி எடுத்துத் தருகிறது. உங்கள் பிராக்ஸ்மாக்ஸ் லேபில், பேக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் ஓடவிட்டு, டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், அக்னாலெட்ஜ் என்ற நான்கு பேக்கெட்டையும் உங்கள் கண்ணால் பாருங்கள். கிளையன்ட் பக்கம் ஒருமுறை, சர்வர் பக்கம் ஒருமுறை. இரண்டிலும் சோர்ஸ் முகவரி எப்படி மாறியிருக்கிறது என்று ஒப்பிடுங்கள். ஐம்பது வீடியோ பார்த்தாலும் கிடைக்காத தெளிவு அந்த ஒரு ஒப்பீட்டில் கிடைக்கும்.

அடுத்து லூப். மீட்டிங் ரூமில் தொங்கும் கேபிளின் இரண்டு முனையையும் யாரோ நல்ல எண்ணத்தில் சுவர் போர்ட்டுகளில் செருகிவிடுவார்கள். பிராட்காஸ்ட் சுற்றிச் சுற்றிப் பெருகி ஒட்டுமொத்த ஃப்ளோரும் நின்றுவிடும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு ஆயுள் எண் கிடையாது, தானாகச் சாகாது. இதைத் தடுக்கத்தான் 1985-இல் ரேடியா பெர்ல்மன் என்ற பொறியாளர் ஸ்பேனிங் ட்ரீ முறையை உருவாக்கினார். யூசர் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட்டும் (போர்ட் காத்திருக்காமல் உடனே வேலை செய்ய) பிபிடியூ கார்டும் (அங்கே வேறு ஸ்விட்ச் தெரிந்தால் போர்ட்டை மூட) சேர்த்துப் போடப் பழகுங்கள். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு மற்றதை விடாதீர்கள்.

கிளவுட்வழி

எல்லோரும் நல்ல விஷயம்தான் சொல்கிறீர்கள், ஆனால் தம்பியின் எதிர்காலத்தை யோசியுங்கள். புதிதாகத் தொடங்கும் நிறுவனங்கள் சர்வர் ரூமே வைப்பதில்லை. மெயில் மைக்ரோசாஃப்ட் 365-இல், ஃபைல் ஒன்டிரைவில், அப்ளிகேஷன் அமேசானின் ஏடபிள்யூஎஸ்ஸில். 568பி நிற வரிசை தெரிந்து என்ன செய்யப் போகிறார்? நேரடியாகக் கிளவுட், டெராஃபார்ம், பைத்தான் என்று போகட்டும். இரண்டு வருடத்தில் நல்ல இடத்துக்கு வந்துவிடுவார். டொமைன் கன்ட்ரோலரோடு தொடங்கினால் அங்கேயே தேங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. நான் பார்த்த பலர் அப்படித் தேங்கியிருக்கிறார்கள்.

கயல்_நெட்

> நேரடியாகக் கிளவுட், டெராஃபார்ம், பைத்தான் என்று போகட்டும்

ஏடபிள்யூஎஸ்ஸில் விபிசி (கிளவுடுக்குள் உங்கள் தனி நெட்வொர்க்) உருவாக்கும்போது முதலில் கேட்பதே சிஐடிஆர் வரம்புதான், அதாவது /16, /24 என்று எழுதும் முகவரி வரம்பு. அடுத்து சப்நெட், ரூட் டேபிள், செக்யூரிட்டி குரூப், டிஎன்எஸ். /28 போட்டால் 16 முகவரி, அதில் 5-ஐ ஏடபிள்யூஎஸ் தனக்கு வைத்துக்கொள்ளும், கையில் 11 மிஞ்சும். சப்நெட் கணக்கு தெரியாதவர் அங்கே என்ன செய்வார்? ஆபீஸும் விபிசியும் ஒரே 10.0.0.0/16-இல் இருப்பதால் இரண்டையும் விபிஎன்னில் இணைக்க முடியாமல், ஓடிக்கொண்டிருக்கும் அப்ளிகேஷனைப் புது விபிசிக்கு மாற்றிய இடங்கள் இருக்கின்றன.

2021 அக்டோபர் 4-ஐ நினைத்துப் பாருங்கள். ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஆறு மணி நேரம் அளவுக்கு இல்லை. பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை டேட்டா சென்டர்களை இணைக்கும் அவர்களுடைய பேக்போனைத் துண்டித்தது. டேட்டா சென்டரை எட்ட முடியாத டிஎன்எஸ் சர்வர்கள், வடிவமைத்தபடியே, தங்களை எந்த வழியில் எட்டலாம் என்று இணையத்துக்குச் சொல்லும் பிஜிபி அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. உலகத்துக்கு அந்தப் பெயர்களே இல்லாமல் போயின. உள்ளே வேலை செய்யும் கருவிகளும் அதே டிஎன்எஸ்ஸை நம்பி இருந்ததால் பொறியாளர்களை நேரில் டேட்டா சென்டருக்கு அனுப்ப வேண்டி வந்தது. ரவுட்டிங்கும் டிஎன்எஸ்ஸும்தான் அன்றைய பிரச்சினை, தீர்த்தவர்களும் அதைத் தெரிந்தவர்கள்தான்.

கிளவுட்வழி

சப்நெட், டிஎன்எஸ், ரவுட்டிங் வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன், அடிப்படை இல்லாமல் போகச் சொல்லவில்லை. ஆனால் மவுஸில் கிளிக் செய்து மட்டும் பழகினால் போதாது என்பதில் விடமாட்டேன். லேபில் யூசர் ஐம்பது பேரை உருவாக்குவதானால் கையால் உருவாக்காதீர்கள், பவர்ஷெல்லில் (விண்டோஸின் கட்டளை மொழி) ஒரு சிஎஸ்வி ஃபைலிலிருந்து உருவாக்குங்கள். லினக்ஸ் சர்வரை அன்சிபிள் (சர்வர் அமைப்பை ஃபைலில் எழுதி ஓட்டும் கருவி) மூலம் அமையுங்கள். அந்த ஃபைல்களை கிட்டில் (ஃபைல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) வைத்திருங்கள். சர்வர் போனாலும் அதை எழுதிய விதம் கையில் இருக்கும். மைக்ரோசாஃப்டின் கிளவுட் டைரக்டரியான என்ட்ரா ஐடியையும் கூடவே பாருங்கள், பல ஆபீஸ்களில் உள்ளூர் ஆக்டிவ் டைரக்டரியும் அதுவும் இணைந்தே ஓடுகின்றன.

நெல்லைக்காரன்

கிட்டில் வைக்கச் சொன்னது முத்தான யோசனை. தம்பி, அதைக் கட்டாயம் செய்யுங்க.

மலைக்கோட்டை

லினக்ஸ் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

நிறுவனங்களில் ரெட்ஹேட் குடும்பம்தான் அதிகம் பார்ப்பீர்கள். சென்ட்ஓஎஸ் என்று பழைய பாடங்களில் வரும். 2020 டிசம்பரில் ரெட்ஹேட் அதை நிறுத்துவதாக அறிவித்தது, சென்ட்ஓஎஸ் 8-ஆம் பதிப்பு 2021 இறுதியோடும், 7-ஆம் பதிப்பு 2024 ஜூன் 30-ஓடும் முடிந்தன. இப்போது ராக்கி அல்லது ஆல்மா எடுத்துக்கொள்ளுங்கள், கட்டளைகள் ஒன்றே.

ஒரு இடத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: எஸ்ஈலினக்ஸை (எந்தப் புரோகிராம் எந்த ஃபைலைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் பாதுகாப்பு) அணைக்காதீர்கள். இணையத்தில் பாதிக் குறிப்புகள் அணைத்துவிடு என்றுதான் தொடங்கும். ஒரு உதாரணம் செய்து பாருங்கள். உங்கள் ஹோம் டைரக்டரியில் ஒரு எச்டிஎம்எல் ஃபைல் எழுதுங்கள். அதை வெப் சர்வரின் ஃபோல்டருக்கு மூவ் கட்டளையால் நகர்த்துங்கள். ஓனர் சரி, பர்மிஷன் சரி, ஆனாலும் பிரவுசரில் 403 (அனுமதி இல்லை) வரும். காரணம், நகர்த்தும்போது ஃபைல் தன் பழைய லேபிளைக் கூடவே கொண்டுவருகிறது. ஹோம் லேபிள் உள்ள ஃபைலை வெப் சர்வர் படிக்க எஸ்ஈலினக்ஸ் விடாது. காப்பி கட்டளையால் கொண்டுபோயிருந்தால் புது இடத்தின் லேபிள் கிடைத்திருக்கும். இப்போது ஆடிட் லாக்கைத் திறந்து, மறுக்கப்பட்ட அந்த வரியைக் கண்டுபிடியுங்கள். லேபிளைத் திருத்தும் ரிஸ்டோர்கான் கட்டளை ஒன்று கொடுத்தால் சரியாகிவிடும். 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) போட்டு எதையும் "சரி" செய்யாதீர்கள். இங்கே அது வேலையும் செய்யாது, அதனால்தான் இந்த உதாரணம் எனக்குப் பிடிக்கும்.

சான்றிதழ் விஷயத்தில், ரெட்ஹேட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வு முழுக்கச் செய்முறை. உயிருள்ள சிஸ்டத்தைக் கொடுத்து இதைச் செய் என்பார்கள். ரீபூட் செய்த பிறகும் நிற்கிறதா என்று பார்த்துத்தான் மதிப்பெண். சிசிஎன்ஏவும் மதிப்புள்ளது. பயிற்சி மையத்தில் எம்சிஎஸ்ஈ வாங்கித் தருகிறோம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் அந்தச் சான்றிதழை 2021 ஜனவரியோடு முடித்துவிட்டது.

ஆவடி_அட்மின்

எல்லாம் கட்டுவதைப் பற்றியே பேசுகிறோம். திரும்பக் கொண்டுவருவதைப் பற்றி யாரும் பேசவில்லையே. தம்பி சேர விரும்பும் அந்த ரூமில் சம்பளம் கொடுப்பதே அதற்குத்தான்.

நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 இரவு நடந்ததைப் படியுங்கள், அவர்களே முழுதாக எழுதி வைத்திருக்கிறார்கள். துணை டேட்டாபேஸ் சர்வரில் அழிக்க நினைத்த டைரக்டரியை ஒரு பொறியாளர் முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சரி, பேக்கப் இருக்கிறதே என்று போனால், தினசரி டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) வேலையே செய்திருக்கவில்லை. பேக்கப் கருவியின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் பொருந்தாமல் ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மெயில் அனுப்புநரைச் சரிபார்க்கும் டிமார்க் முறை அதற்கு அமைக்கப்படாததால் மெயில் சர்வரால் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேர நிலையின் பிரதி) இருந்ததால் பிழைத்தார்கள். அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். பேக்கப் எடுப்பதை யாரும் மறக்கவில்லை, ஐந்து வழி வைத்திருந்தார்கள். ரெஸ்டோர் செய்து பார்க்கவில்லை.

மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கதை இன்னும் பெரியது. 2017 ஜூன் 27-இல் நாட்பெட்யா என்ற தீநிரல் தாக்கியபோது உலகம் முழுக்க இருந்த 150-க்கு அருகான டொமைன் கன்ட்ரோலர்களும் அழிந்தன. ஒன்று போனால் மற்றொன்றிலிருந்து எடுக்கலாம் என்று ஒன்றை ஒன்று நகலெடுக்கும்படி வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்று யோசித்திருக்கவில்லை. கானா நாட்டு அலுவலகத்தில் அந்த நேரம் மின்சாரம் போய் ஒரே ஒரு டொமைன் கன்ட்ரோலர் அணைந்து கிடந்தது. அது மட்டும் மிஞ்சியது. அங்கிருந்த இணைய வேகத்தில் அத்தனை ஜிபியை அனுப்பினால் நாள்கணக்கில் ஆகும். அங்கிருந்தவர்களிடம் பிரிட்டன் விசாவும் இல்லை. ஒருவர் ஹார்டு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நைஜீரியாவுக்குப் பறந்து இன்னொருவர் கையில் கொடுக்க, அவர் லண்டனுக்குக் கொண்டுபோனார். அந்த ஒரு டிஸ்க்கிலிருந்துதான் முழு டைரக்டரியும் மீண்டது.

நம் நாட்டில் 2022 நவம்பர் 23-இல் டெல்லி எய்ம்ஸ். தாக்குதலில் ஐந்து சர்வர்கள் என்கிரிப்ட் ஆகி, திறக்க முடியாதபடி பூட்டப்பட்டன. ஓபி சீட்டிலிருந்து லேப் ரிப்போர்ட் வரை கையால் எழுதும் நிலை பல நாள். நெட்வொர்க்கை முறையாகப் பிரிக்காததே காரணம் என்று நாடாளுமன்றத்திலேயே பதில் சொன்னார்கள். நெல்லை அண்ணன் சிசிடிவிக்கும் விருந்தினர் வைஃபைக்கும் தனி விலான் போடச் சொன்னது இதற்காகத்தான். விலான் போட்டுவிட்டு நடுவில் எல்லாவற்றையும் அனுமதிக்கும் ரூல் வைத்தால் பிரித்ததாகவே ஆகாது.

உங்கள் லேபில் செய்ய வேண்டியது: பேக்கப் சர்வரை டொமைனில் சேர்க்காதீர்கள். டொமைன் அட்மின் பாஸ்வேர்டு திருடப்பட்டால் பேக்கப்பும் அவன் கையில் போய்விடும். ஒரு பிரதி எப்போதும் கழற்றி வைத்த டிஸ்க்கில். டொமைன் கன்ட்ரோலர் நிறுவும்போது கேட்கும் டிஎஸ்ஆர்எம் (டைரக்டரியை மீட்கும் முறை) பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி மூடிய உறையில் வையுங்கள், டைரக்டரியே படுத்த நாளில் அது ஒன்றுதான் உள்ளே விடும். ரெய்டு (ஒரே தரவைப் பல டிஸ்க்கில் சேர்த்து வைப்பது) போட்டிருப்பதால் பேக்கப் வேண்டாம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். நீங்கள் ஒரு ஃபைலை அழித்தால் ரெய்டு அதை எல்லா டிஸ்க்கிலும் சேர்ந்தே அழிக்கும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப் முழுவதையும் அழித்துவிட்டு பேக்கப்பிலிருந்து மட்டும் எழுப்புங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள். இன்டர்வியூவில் எந்தச் சான்றிதழையும் விட அந்தக் காகிதம் பேசும்.

கொங்குத்தம்பி

அண்ணன்களுக்கும் கயல் அக்காவுக்கும் ரொம்ப நன்றி. பயிற்சி மையத்துக்கு இப்போதைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

பிராக்ஸ்மாக்ஸ், ஓபிஎன்சென்ஸ், முதல் டொமைன் கன்ட்ரோலர் மூன்றும் ஓடுகின்றன. டிஎச்சிபியும் டொமைன் கன்ட்ரோலரில்தான். கிளையன்ட்டை டொமைனில் சேர்க்கும்போது சில சமயம் சேர்கிறது, சில சமயம் டொமைன் கன்ட்ரோலரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று வருகிறது. நான் எதையும் மாற்றவில்லை, ரீபூட் செய்தால் மட்டும் நிலை மாறுகிறது. ஐபி மூலம் பிங் எப்போதும் போகிறது. ஃபயர்வால் ரூலா?

கயல்_நெட்

பிங் போகிறது, பெயர் மட்டும் சில நேரம் கிடைக்கவில்லை, ரீபூட்டில் மாறுகிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஃபயர்வாலை விட டிஎச்சிபி மேல்தான் சந்தேகம். கிளையன்ட்டில் ஐபிகான்ஃபிக் கட்டளையை /all சேர்த்துக் கொடுங்கள். டிஎச்சிபி சர்வர் என்ற வரியில் எந்த முகவரி இருக்கிறது, டிஎன்எஸ் சர்வர் என்ற வரியில் எது இருக்கிறது? சேரும்போது ஒருமுறையும் சேராதபோது ஒருமுறையும் எடுத்துப் போடுங்கள்.

கொங்குத்தம்பி

சேரும்போது டிஎச்சிபி, டிஎன்எஸ் இரண்டும் 10.40.10.10. அது டொமைன் கன்ட்ரோலர். சேராதபோது இரண்டும் 10.40.10.1. அது ஓபிஎன்சென்ஸ்.

கயல்_நெட்

அதேதான். ஓபிஎன்சென்ஸ் தன் லேன் பக்கத்தில் டிஎச்சிபியை ஆன் செய்தபடிதான் வரும். ஒரே நெட்வொர்க்கில் இரண்டு டிஎச்சிபி சர்வர், கிளையன்ட்டுக்கு முதலில் எட்டும் ஆஃபர் எதுவோ அதையே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது. ஓபிஎன்சென்ஸ் பதில் முந்தினால் டிஎன்எஸ்ஸாக அது தன்னையே கொடுத்துவிடும், அதற்கு உங்கள் டொமைன் தெரியாது. அங்கே டிஎச்சிபியை அணைத்துவிட்டு, கிளையன்ட்டில் பழைய ஐபியை விடுவித்துப் புதிதாக வாங்குங்கள்.

உண்மையான ஆபீஸில் இதே கோளாறு யாராவது வீட்டு வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து சுவர் போர்ட்டில் செருகும்போது வரும். விண்டோஸ் டிஎச்சிபி சர்வரை ஆக்டிவ் டைரக்டரியில் அங்கீகரித்தால்தான் ஓடும், ஆனால் அந்தக் கட்டுப்பாடு வீட்டு ரவுட்டருக்குப் பொருந்தாது. ஸ்விட்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் போட்டு, சர்வர் இருக்கும் போர்ட்டையும் அப்லிங்கையும் மட்டும் நம்பகமானதாக வைத்தால் மற்ற போர்ட்டிலிருந்து வரும் ஆஃபரை ஸ்விட்சே கீழே போட்டுவிடும். பேக்கெட் டிரேசரில் இதைச் செய்து பாருங்கள்.

கொங்குத்தம்பி

சரியாகிவிட்டது அக்கா! வயர்ஷார்க்கில் இரண்டு ஆஃபர் வருவதையும் பார்த்தேன், ஓபிஎன்சென்ஸ் பதில் முந்தி வந்த தடவைகளில்தான் சேரவில்லை.

இரண்டாவது டொமைன் கன்ட்ரோலரும் போட்டுவிட்டேன். ஒரு சந்தேகம். குரூப் பாலிசி சோதிப்பதற்கு முன்பு இரண்டு டொமைன் கன்ட்ரோலருக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டாவது மட்டும் கெட்டுப்போனால் அதன் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிடலாமா?

ஆவடி_அட்மின்

வேண்டாம் தம்பி. டொமைன் கன்ட்ரோலர்கள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரிசை எண் வைத்திருக்கும், யுஎஸ்என் என்பார்கள். "உன்னிடமிருந்து இந்த எண் வரை வாங்கிவிட்டேன்" என்று முதலாவது குறித்து வைத்திருக்கும். இரண்டாவதை மட்டும் பழைய நிலைக்கு இழுத்தால் அதன் எண் பின்னால் போகும். அதற்குப் பிறகு அதில் நடக்கும் புது மாற்றங்களை "இது ஏற்கெனவே வாங்கியதுதானே" என்று முதலாவது எடுத்துக்கொள்ளாது. இரண்டும் வேறு வேறு டைரக்டரியாகப் பிரிந்துபோகும், சத்தமே இல்லாமல். விண்டோஸ் சர்வர் 2012 முதல் விஎம் ஜெனரேஷன் ஐடி என்ற பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் அதை நம்பி இதைப் பழக்கமாக்காதீர்கள்.

ஒன்று நலமாக இருக்கும்போது மற்றது கெட்டால் சரிசெய்யவே முயலாமல் புதிதாகக் கட்டுவதுதான் முறை. கெட்டதை அணையுங்கள், திரும்ப எழுப்பாதீர்கள். நலமாக இருப்பதில் அதன் கணக்கை அழித்து மெட்டாடேட்டாவை (டைரக்டரியில் மிஞ்சிய அதன் குறிப்புகளை) சுத்தம் செய்யுங்கள். ஐந்து எஃப்எஸ்எம்ஓ பொறுப்புகளில் (ஒரு நேரத்தில் ஒரே டொமைன் கன்ட்ரோலர் மட்டும் வகிப்பவை, பிடிசி எமுலேட்டர் அதில் ஒன்று) ஏதாவது கெட்டதிடம் இருந்திருந்தால் இங்கே கைப்பற்றுங்கள். டிஎன்எஸ்ஸில் பழைய பெயரின் ரெக்கார்டு மிச்சம் இருக்கிறதா என்று கையால் பாருங்கள், அது பல நேரம் தங்கிவிடும். பிறகு புது விஎம் எழுப்பி டொமைன் கன்ட்ரோலராக்குங்கள், நலமாக இருப்பதிலிருந்து எல்லாம் தானாக வந்து சேரும். முடிந்ததும் ரெப்அட்மின் கட்டளையில் ரெப்ளிகேஷன் (ஒன்றிலிருந்து மற்றதுக்கு நகலாவது) சுருக்கத்தை எடுங்கள். தோல்வி (fails) என்ற நெடுவரிசையில் இரண்டு பக்கமும் 0 இருக்க வேண்டும். வேறு எண் வந்தால் அந்த வெளியீட்டை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.